அறுபத்துநான்கு கிலோ

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஓர் அன்ரி இருந்தார். அவருடைய மகள் ஆரணி ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் குளிர்காலத்தில், பனிக்குப் போடும் முழுநீள உடுப்பு ஒன்று தன்னந்தனியாக நடந்து பள்ளிக்கூடம் போவதைச் சன்னலால் பார்த்தேன். உற்றுப் பார்த்தபோதுதான் உள்ளே ஒரு பிள்ளையும் இருப்பது தெரிந்தது. கைகள் வெளியே வரவில்லை. உடுப்பின் கால்கள் இரண்டு மடிப்பாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. அந்த உடுப்பை ஆரணி நான்காம் வகுப்பு வரை போட்டாள். நான்காம் வகுப்பில் அது அவளுக்கு அளவாக வந்தது. அதற்குள் முழங்கால் இரண்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டன.

"வளருற பிள்ளை" என்பார் அன்ரி. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வார். சப்பாத்து என்றால் நுனியில் பஞ்சு அடைக்க இடம் இருக்க வேண்டும். தொப்பி என்றால் கண்ணை மறைக்க வேண்டும். பிள்ளை வளர்கிறது, சரி. அங்கிளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய கோட்டும் ஒரு அளவு பெரிது. கலியாண வீடுகளில் அங்கிள் யாருக்காவது கை கொடுத்தால், கோட்டின் கைதான் முதலில் போய்ச் சேரும்.

ஒருமுறை அன்ரி இரண்டு அறை வீட்டுக்கு ஏழு பேர் இருக்கக்கூடிய மூலைச் சோஃபா ஒன்றை வாங்கினார். அது கதவுக்குள் நுழையவில்லை. ஒன்பது நாள் மாடிப்படியில் கிடந்தது. நாங்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் மேல் ஏறி இறங்கினோம். எதிர்வீட்டு நோர்வேஜியக் கிழவர் ஒருநாள் அதில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்ததை நானே கண்டேன். கட்டடச் சங்கத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான், கயிறு கட்டிச் சன்னல் வழியாக ஏற்றினார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் பல்கனிக் கதவு பாதிதான் திறந்தது. காற்று வேண்டியவர்கள் ஒருக்களித்துப் போய் வாங்கிக்கொண்டார்கள்.

அன்ரிக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. மிச்ச நேரம் வீட்டில் தமிழ்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தார். தையல் அருமையான தையல், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாடாவால் அளந்து கொப்பியில் எழுதிய பிறகு, அந்த எண்ணை மதிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எனக்குச் சேலைச் சட்டை தைத்தபோது மூன்று அங்குலம் கூட விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கலியாணம் கட்டினாப் பிறகு நீயும் ஊதுவாய் பிள்ளை. அப்ப என்னட்டை ஓடி வராமல் தையலைப் பிரிச்சுப் போட்டு உடுக்கலாம்."

எனக்கு அப்போது மாப்பிள்ளையே பார்க்கவில்லை. வராத கலியாணத்தின் வராத சதைக்கு அவர் இடம் ஒதுக்கியதில் எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. அந்தச் சட்டையைப் பிறகு இரண்டு முறை பிரித்தேன் என்பதை அவரிடம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சென்னையிலிருந்து கணவரின் கணினி வேலைக்காக வந்திருந்த ஒரு பெண்ணும் அவரிடம் தைக்கக் கொடுத்தார். "நல்லா ஃபிட்டா தச்சுக் குடுங்க ஆன்ட்டி, லூசா இருந்தா எனக்குப் பிடிக்காது" என்று நாலு தடவை சொன்னார். அன்ரி நாலு தடவையும் "ஓம் ஓம்" என்றார். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வெளியே வந்து, "ஆன்ட்டி, இதுக்குள்ள இன்னொருத்தர் வரலாம் போலிருக்கே" என்றார்.

"அப்ப நல்லதுதானே" என்றார் அன்ரி. "இரண்டாவது பிள்ளைக்குப் பிறகும் போடலாம்."

நான் பொறுக்க முடியாமல் ஒருநாள் நேராகவே கேட்டேன், ஏன் அன்ரி இப்படி என்று. தையல் மெசினை நிறுத்திவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். "கூடினதை மடிக்கலாம். காணாததை என்ன செய்யிறது?" சொல்லிவிட்டு மறுபடியும் மெசினை ஓட்டத் தொடங்கினார்.

உடுப்பு, சோஃபா வரை இது வெறும் கோமாளித்தனம்தான். எடை விஷயத்தில் அப்படி இல்லை. ஆரணி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்துத் தாதி வீட்டுக்குக் கடிதம் போட்டிருந்தார். பிள்ளை வயதுக்கு மெலிவாக இருக்கிறாள், வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று பேச வாருங்கள் என்று. மிகவும் மரியாதையான கடிதம். அன்ரி அதை எங்கள் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டி, இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் நலத் துறையினர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருந்த பயம் அவருக்கும் இருந்தது. மூன்று வேளையும் சமைத்து, சாப்பாட்டுக் கோப்பையோடு பின்னால் ஓடிய ஒரு தாயிடம் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அடுத்த முறை நிறுக்கும் நாளன்று ஆரணிக்கு இரண்டு பெரிய கிளாஸ் மால்ற் பானம் குடிக்கக் கொடுத்து, மூன்று கம்பளிச் சட்டை போட்டு அனுப்பினார். பிள்ளை தராசில் ஏறுவதற்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டது. அன்றிலிருந்து எந்த நோர்வேஜியருக்கும் மகளின் உண்மையான எடையை அன்ரி சொன்னதில்லை. பல் வைத்தியருக்குக்கூட.

ஆரணி பதினாலு வயதில், பனிச்சரிவில் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட் பழகியது ஒரு தற்செயல். பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு நடத்திய பழைய சாமான் சந்தையில், தொடக்கக்காரருக்கான பலகை ஒன்று கிடந்தது. நூற்று முப்பத்தெட்டு சென்ரிமீற்றர். மெல்லியது, வளைந்து கொடுப்பது, விழுந்தாலும் கோபிக்காதது. அங்கே வேறு பலகை இருந்திருந்தால் அன்ரி நிச்சயம் பெரியதைத்தான் எடுத்திருப்பார். அது ஒன்றுதான் இருந்தது. அதனால் ஆரணியின் வாழ்க்கையில் வாங்கின அன்றே அளவாக அமைந்த முதல் பொருள் அதுவாகிப் போனது. மூன்று குளிர்காலம் அதிலேயே ஓடினாள். சனி, ஞாயிறு வந்தால் ரீபானே சுரங்க ரயிலில் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். பாட்டு வகுப்பை விட்டாள், நடன வகுப்பை விட்டாள், இதை விடவில்லை.

பதினேழு வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. மலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கும் வார இறுதி வேலை. மூன்று இடம் இருந்தது, தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். அந்த வேலை கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் மலையில் இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்து என் கட்டிலில் குப்புறக் கிடந்து சொன்னாள்.

"அக்கா, எனக்கு இது கட்டாயம் வேணும். ஆனால் அந்தப் பழைய போர்ட் காணாது. வேகமாய்ப் போகேக்கை நடுங்குது, பிடிக்குதில்லை. கொஞ்சம் நீளம், கொஞ்சம் இறுக்கமானது ஒண்டு வேணும். ஒரு ஆறு, ஏழு சென்ரிமீற்றர் கூட இருந்தால் காணும்."

கூட வேண்டும் என்று அந்தப் பிள்ளை வாழ்நாளில் முதன்முறை கேட்டது. அதை எப்படியோ அன்ரி அறிந்துவிட்டார்.

டிசம்பரில், தேர்வுக்கு ஒரு கிழமை முன்பு, ஆரணி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். மகளுக்குத் தெரியாமல் வாங்கி வைக்க வேண்டுமாம். நான் அப்போது மொழிபெயர்ப்பாளர் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், அலுவலகங்களில் எங்கள் ஆட்கள் சொல்வதை நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, சொந்தக் கருத்தை நுழைக்கவும் கூடாது. அந்த விதியில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது.

விளையாட்டுச் சாமான் கடையில் காதில் வளையம் போட்ட ஓர் இளைஞர் எங்களைக் கவனித்தார். அன்ரி பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் ஏற்கெனவே விசாரித்து வந்திருந்தார். பலகையை நிமிர்த்தி வைத்தால் மூக்குக்கு வர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். யாருடைய மூக்கு என்று அன்ரி கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பலகையை எடுத்துத் தன் மூக்குக்கு நேரே நிறுத்தினார். ஆரணி அவரைவிட ஒரு சாண் கட்டை.

"உவள் என்னை விட வளரத்தானே போறாள்" என்று சொல்லி, அதைவிட நீளமான இன்னொன்றை எடுத்துத் தன் நெற்றிக்கு நிறுத்தினார்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, மூக்குக் கணக்கெல்லாம் பழையது என்றார். உயரத்தை விட எடைதான் முக்கியம். பலகையை வளைப்பதும் திருப்புவதும் ஆளின் பாரம். பாரம் காணாவிட்டால் பலகைதான் ஆளை ஓட்டும். அதோடு காலின் அளவையும் பார்க்க வேண்டும், பலகையின் அகலம் அதைப் பொறுத்தது. மகளைக் கூட்டி வந்தால் நல்லது, முடியாவிட்டால் அவளுடைய எடையைச் சொல்லுங்கள் என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அன்ரியின் முகம் மூடிக்கொண்டது.

"ஏன், அவனுக்கு என்ர பிள்ளையின்ர எடை என்னத்துக்கு?"

"பலகை எடுக்கத்தான் அன்ரி."

கொஞ்சம் யோசித்தார். இறைச்சிக் கடையில் நிற்பவர்போலக் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "அறுபத்திநாலு எண்டு சொல்லு."

ஆரணி ஐம்பது கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின கிழமைதான் என் குளியலறைத் தராசில் ஏறி நின்றாள். நாற்பத்தொன்பது. "அன்ரி, அறுபத்துநாலோ?" என்றேன்.

"ஐம்பதும் இல்லையெண்டால் உவன் என்ன நினைப்பான்? தாய் சாப்பாடு குடுக்கிறேல்லை எண்டு நினைப்பான். நீ நான் சொன்னதைச் சொல்லு."

நான் அவர் சொன்னதைச் சொன்னேன். அருமையான நோர்ஸ்க்கில், ஒரு எழுத்துப் பிசகாமல் அறுபத்துநான்கு என்றேன். கால் முப்பத்தேழு, அதை முப்பத்தொன்பது என்றார், அதையும் சொன்னேன். வேகமாக ஓடுவாளா என்று கேட்டதற்கு, "எல்லாரையும் விட வேகமாய்" என்றார், அதையும் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அன்று பின்னேரம் இதை யார் யாருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சிரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாவம் அந்தக் கடைக்காரர், அறுபத்துநான்கு கிலோவில், பெரிய கால்களோடு, எல்லோரையும் விட வேகமாக ஓடும் ஒரு பெண்ணுக்குச் சரியான பலகையைத்தான் எடுத்துக் கொடுத்தார். நூற்று ஐம்பத்தாறு சென்ரிமீற்றர், அகலம், மரக்கதவு மாதிரி விறைப்பு. பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று பின்பக்கத்தில் ஒரு சீட்டும் ஒட்டினார். அன்ரி அதை வீட்டு வாசலிலேயே நகத்தால் கிள்ளி எடுத்தார். பரிசு கொடுக்கும்போது சந்தேகத்தோடு கொடுக்கக் கூடாதாம். பழைய பலகையை அன்று மாலையே திராமன் சொந்தக்காரரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பியும் விட்டார்.

ஆரணி அதை நிமிர்த்திப் பார்த்தாள். நுனி அவளுடைய வகிட்டைத் தொட்டது.

"அம்மா, இது எனக்குப் பெரிசு."

"வளருவாய்."

"எனக்குப் பதினேழு வயது."

"அதைத்தானே நானும் சொல்லுறன். கடைக்காரன் கணக்குப் பார்த்துத்தான் தந்தவன். வேணுமெண்டால் அக்காவைக் கேள்."

ஆரணி என்னைப் பார்த்தாள். நான், "ஓம், கடைக்காரர்தான் எடுத்துத் தந்தவர்" என்றேன். அதுவும் பொய் இல்லை. கடைக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள். அந்தக் கிழமை இரண்டு நாள் மலைக்குப் போய் வந்து, கால் தடுமாறி நடந்தாள். "நல்ல போர்ட்டில ஓட எனக்கு இன்னும் தெரியேல்லைப் போல" என்று என்னிடம் சொன்னாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

தேர்வுக்கு அன்ரியும் வந்தார், நானும் போனேன். கீழே கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றோம். அன்ரியின் கையில் நான்கு பேர் சாப்பிடக்கூடிய ரொட்டிப் பெட்டி. ஆரணி மேலிருந்து புறப்பட்டதும் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் சாய்கிறாள், பலகை கேட்கவில்லை. உதைக்கிறாள், அது தன்பாட்டில் நேரே போகிறது. செங்குத்தான இடத்தில் பலகை விளிம்பு பனியில் கொழுவி முகம் குப்புற விழுந்தாள். எழும்பி மறுபடியும் விழுந்தாள். மூன்றாவது முறை அவள் எழும்பச் சற்று நேரம் எடுத்தது. பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு வழுக்கிப் போனார்கள். அன்ரி ரொட்டிப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மெல்லமாய், மெல்லமாய்" என்று தமிழில் மலையைப் பார்த்துக் கத்தினார்.

கீழே வந்ததும் பொறுப்பாக இருந்த பெண் அவளிடம் பலகையை வாங்கி வளைத்துப் பார்த்தார். எத்தனை கிலோ என்று கேட்டார். ஆரணி சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, "இது உன்னைப்போல ஒன்றரை ஆளுக்கானது. உனக்கான பலகையோடு அடுத்த ஞாயிறு வா, கடைசித் தேர்வு அன்றுதான்" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஆரணி எங்களுக்கு எதிரே இருந்தாள். நாடியில் தோல் உரிந்திருந்தது. அதைக் கையுறையால் ஒற்றிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"கடையில என்ர எடை எத்தினை எண்டு சொன்னது?"

அன்ரி சன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் அன்ரியைப் பார்த்தேன்.

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்."

"அக்காதான் சொன்னவ" என்றார் அன்ரி. "நான் அங்கை வாயே திறக்கேல்லை. நோர்ஸ்க் கதைச்சது முழுக்க அவதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த எண் என் வாயிலிருந்துதான் போனது, அது பொய் என்று இருவருக்கும் தெரியும், அன்ரி பயத்தில் சொன்னார், நான் வேடிக்கைக்குச் சொன்னேன். ஆரணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எல்லிங்ஸ்ருட் வந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னே நடந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேரில் இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். அதைப் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. அவள் என்னோடு மறுபடியும் சரியாகப் பேச பெப்ரவரி ஆயிற்று.

திங்கட்கிழமை அன்ரி வேலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "வெளிக்கிடு, கடைக்குப் போவம்" என்றார். கீழ்வீட்டில் பலகையை எடுத்து, வழி முழுக்கத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதே இளைஞர்தான் நின்றார். பலகையின் கீறல்களைப் பார்த்து, மாற்றுச் சீட்டு எங்கே என்று கேட்டார். நான் நிலைமையை விளக்கினேன், இந்த முறை உண்மையாக. அவர் சிரிக்கவில்லை. இதைக் கடையின் வாடகைப் பலகையாக வைத்துக்கொண்டு வேறொன்று தருகிறேன் என்றார், நல்ல மனிதர். பிறகு கொப்பியைத் திறந்து, அப்படியானால் மகளின் எடை எவ்வளவு என்று கேட்டார்.

பின்னால் வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு தாயும் மகனும், சறுக்குக் கம்புகளோடு ஒரு கிழவர். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அன்ரி என் கையைப் பிடித்து அமுக்கினார். கோட்டுக்குள் ஒருமுறை நிமிர்ந்து, கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, கடை முழுவதும் கேட்கும்படி தன் சொந்த நோர்ஸ்க்கில் சொன்னார். "ஃபோர்த்தினி." நாற்பத்தொன்பது.

கடைக்காரர் எழுதிக்கொண்டார். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்ரி கொஞ்ச நேரம் காத்திருந்தார், யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று. ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் என் கையை விட்டார். எனக்கு அந்த இடத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"நான் சொல்லியிருப்பனே அன்ரி" என்றேன்.

"நீ சொல்லுவாய்" என்றார் அவர். "போன முறையும் நீதானே சொன்னனி."